வெறும் லோரியின் எடை

பாகாவ் ஆலையில் என் வேலை
செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுப்பது.
வரும்போது ஒரு தரம்,
கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு தரம்.
கழித்தால் வருவதுதான் குலை.
பதினோரு வருஷமாய் இந்தக் கணக்கைப் போடுகிறவள்
வீட்டு வாசலில் செருப்போடு அதையும் கழற்றிவிடுவேன்.

லோஷினிக்குச் சடங்கு வைத்தோம்.
குளிரூட்டிய மண்டபம்,
தலைக்குமேல் பறந்து படமெடுத்த ட்ரோன்,
முந்நூறு பேருக்கு ஆட்டிறைச்சி.
மறுவாரம் அவள் பள்ளிக்குப் போனாள்.
முந்நூறு பேரும் அவரவர் வேலைக்குப் போனார்கள்.
கடன் மட்டும் எங்களோடு தங்கியது,
கடைசி பஸ்ஸை விட்ட விருந்தாளி மாதிரி.

வங்கிக்குக் கட்ட அட்டையில் எடுத்தேன்.
அட்டைக்குக் கட்டக் கூட்டு எடுத்தேன்.
கூட்டுக்குக் கட்ட
விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த எண்ணைக் கூப்பிட்டேன்.
இரண்டாயிரத்து நானூறு வெள்ளியைக் கையில் வைத்து
மூவாயிரம் என்று எழுதிக்கொண்டான் பையன்.
"கவலப்படாதீங்கக்கா" என்றான்.
நெற்றியில் திருநீறு. நல்ல பையன்.

அந்த நல்ல பையன்தான் ஆறாம் மாதம்
எங்கள் கேட்டில் சிவப்புச் சாயம் வீசிவிட்டுப் போனான்.

ஊர் பார்த்துவிடக் கூடாதே என்று
விடியுமுன் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன்.
தேய்க்கத் தேய்க்க ரோஸ் நிறமாகிக்
கேட் முழுக்கப் பரவியது.
எதிர்வீட்டு மக் ரொக்கியா எழுந்து வந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
உள்ளே போய் இன்னொரு துணி கொண்டுவந்தார்.

கடனுக்குக் கட்டிய வட்டியைவிட
அதை மறைக்கக் கட்டியதுதான் அதிகம்.
அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆ செங் கடையில் என் பெயருக்கு
ஒரு 555 புத்தகம் உண்டு, உள்ளங்கை அளவு.
அவன் எழுதுவான், நான் தலையாட்டுவேன்.
அதே மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வந்தேன்.
தவசீலனும் நானும் சோற்று மேசையில் உட்கார்ந்து
முழு லோரியை நிறுத்தோம்:
முப்பத்தோராயிரத்து நூற்று நாற்பது.
அவன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான்.
திரும்பி வந்து,
"என் பேர்ல இன்னும் ஒரு நாலாயிரம் இருக்கு" என்றான்.
எனக்கு அழுகை வந்தது.
ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது.

வளையலை விற்றதில் அந்தப் பையன் போனான்.
காரை விற்றதில் அட்டை போனது.
மற்றதற்கு நாலு வருஷம்.
கல்யாணங்களில் இருபது வெள்ளி மொய் வைத்துவிட்டு
இலையில் உட்கார்ந்து முழுசாய்ச் சாப்பிட்டேன்.
"முடியாது" என்ற சொல்லை
லோஷினியிடம்தான் முதலில் சொல்லிப் பழகினேன்.
அவள் போனிலிருந்து தலை தூக்கினாள்.
"அந்த ட்ரோன நான் கேக்கவே இல்லியேம்மா."

கடைசித் தவணை ஒரு செவ்வாய்க்கிழமை.
ரசீது வேண்டுமா என்றது இயந்திரம்.
அமுக்கினேன். தாள் தீர்ந்துவிட்டதாம்.
மழைக்கு ஒதுங்கி ஒரு தே ஓ குடித்தேன்.

இன்னும் இரவில் மோட்டார் சத்தம் கேட்டால்
விளக்கை அணைக்கக் கை போகிறது.
கேட்டின் கீழ் மூலையில் ரோஸ் நிறம் இருக்கிறது.
சாயம் அடிக்கலாம் என்கிறான் தவசீலன்.
இருக்கட்டும் என்கிறேன்.

போன வாரம் லோரி ஓட்டும் கதிரேசன்
ஜன்னலில் குனிந்து, மகளுக்குச் சடங்கு,
ஐந்நூறு கிடைக்குமா என்றார்.
இல்லை என்று சொல்ல வாய் வந்தது.
இருக்கிறது என்று சொல்லவும் வந்தது.
ஐம்பது கொடுத்தேன், திருப்ப வேண்டாம் என்று.
அவர் முகம் சுருங்கியது.
சரியாகச் செய்தேனா, தெரியவில்லை.

குலையைக் கொட்டிவிட்டு அவர் லோரி திரும்பி வந்து
எடைப்பாலத்தில் நின்றது.
உள்ளே ஒன்றுமில்லை.
ஆனாலும் ஆறு டன் காட்டியது.
அதையும் எழுதினேன்.